பெரியப்பாவின் விலாவில் ஒரு டியூப்: நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்தால் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று வாரம் காய்ச்சலும் இருமலும் இருந்திருக்கிறது. ஊரிலேயே ஊசி போட்டுச் சமாளித்து, கடைசியில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கிறது என்று சொல்லி, விலாவில் டியூப் போட்டு நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் ஒன்றேகால் லிட்டர் வந்தது. இப்போது நாளுக்கு 100 மில்லிதான் வருகிறது. ஆனால் சாயங்காலமானால் காய்ச்சல் வந்துவிடுகிறது. "வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், நான் இன்னும் அந்தப் பாடத்துக்கே வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது? பக்கத்தில் இருந்து நான் என்ன செய்யலாம்? ஆபரேஷன் என்கிறார்களே, சம்மதிக்கலாமா?" இதுதான் கேள்வி.

நெஞ்சக நோய் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். உங்கள் பெரியப்பாவை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கான முடிவு அங்கே இருக்கும் டாக்டருடையது. ஆனால் அந்தக் கட்டிலருகே நின்று எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருவது குறைந்துவிட்டது, காய்ச்சல் குறையவில்லை என்ற இரண்டையும் சேர்த்து இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நாளை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். ஏன் என்று போகப் போகப் புரியும்.

நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. விலாவின் உட்பக்கத்திலும் அதே போல ஓர் உறை. இந்த இரண்டுக்கும் நடுவே சாதாரணமாகச் சில தேக்கரண்டி நீர்தான் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடுவதற்கு. பச்சைப் புளியங்காயில் ஓடும் சதையும் ஒட்டிக்கொண்டிருக்குமே, ஆரோக்கியமான நெஞ்சு அப்படித்தான். விலா விரிந்தால் நுரையீரலும் கூடவே விரியும். நடுவே நீரோ சீழோ காற்றோ புகுந்துவிட்டால் பழுத்த புளியம்பழமும் ஓடும் போல ஆகிவிடுகிறது. ஓடு விரிகிறது, உள்ளே இருப்பது விரிவதில்லை. மூச்சு வாங்குவது அதனால்தான். டியூபை நுரையீரலுக்குள் குத்திவிட்டார்கள் என்று உறவினர்கள் பயப்படுவார்கள். அது நுரையீரலுக்குள் போகவில்லை, இந்த இடைவெளியில்தான் நிற்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

நிமோனியா வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இந்த இடைவெளியில் கொஞ்சம் நீர் ஊறும். பெரும்பாலும் நிமோனியா குணமாகும்போது அதுவும் வற்றிவிடும். கிருமி அந்த நீருக்குள் போய்விட்டால்தான் கதை மாறுகிறது. முதல் சில நாள் அது தெளிந்த நீர், டியூப் வழியாகச் சுலபமாக வடியும். ஒரு வாரம் போனால் உள்ளே நூல்நூலாகப் புரதம் படிந்து, தேன்கூட்டின் கண்ணறைகள் போலத் தடுப்புகள் உண்டாகின்றன. ஒரு அறையில் டியூப் இருந்தால் அடுத்த அறையில் இருப்பது வெளியே வராது. சீழும் கூழாகக் கெட்டிப்பட்டிருக்கும். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் நுரையீரலின் மேல் தடித்த தோல் ஒன்று வளர்ந்து, சீழை எடுத்தாலும் நுரையீரல் விரிய முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்று நிலைகளுக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை இல்லை. ஒரே நெஞ்சில் ஒரு மூலை முதல் நிலையிலும் இன்னொரு மூலை இரண்டாம் நிலையிலும் இருக்கும். ஆனால் நேரம் நமக்கு எதிராக ஓடுகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. உங்கள் பெரியப்பா மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர், அதை மறக்காதீர்கள்.

அவருக்கு ஏன் வந்தது? சர்க்கரை ஒரு முக்கியக் காரணம். அது தவிர மது, ஈறில் சீழ், சொத்தைப் பல், மயக்கத்திலோ போதையிலோ சாப்பாடும் எச்சிலும் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போவது, பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் இருப்பது. வாயில் இருக்கும் கிருமிகள் நெஞ்சுக்குள் இறங்கினால் வரும் சீழுக்குத் தாங்க முடியாத நாற்றம் இருக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் அவை. நம் நாட்டில் இன்னும் இரண்டைக் கட்டாயம் நினைக்க வேண்டும். ஒன்று காசநோய். நெஞ்சில் சீழ் என்றாலே சளியையும் சீழையும் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். காசநோய் என்று தெரிந்தால் மருந்து இலவசம், சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. இன்னொன்று ஈரலில் அமீபாக் கட்டி வந்து, அது உதரவிதானத்தைத் துளைத்து வலது நெஞ்சுக்குள் உடைவது. அந்தச் சீழ் சாக்லேட் நிறத்தில் இருக்கும். டியூபில் காபிப் பழுப்பாக ஏதாவது வந்தால் நிறத்தை அப்படியே குறித்துவைத்துச் சொல்லுங்கள்.

சரி, கேஸ் ஷீட்டை அனுமதி வாங்கிப் பாருங்கள், மாணவி என்பதால் காட்டக்கூடும். முதலில் எடுத்த நீரின் பி.ஹெச். (அமிலத்தன்மையின் அளவு, அமிலம் கூடினால் எண் இறங்கும்) 7.2க்குக் கீழே, அல்லது குளுக்கோஸ் 60 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் டியூப் போட வேண்டும் என்று பொருள். கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது, அதுதான் அந்த எண்களில் தெரிகிறது. செல்கள் சிதையும்போது வெளிவரும் எல்.டி.ஹெச். என்ற நொதி ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். ஊசியில் வந்ததே சீழாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், நேராக டியூப்தான். ஒரு சின்ன விஷயம், நாளை நீங்களே சாம்பிள் அனுப்பும்போது உதவும். பி.ஹெச். பார்க்கும் நீரை, உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து தடவிய சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் உடனே அனுப்ப வேண்டும். காற்று சேர்ந்தால் பி.ஹெச். ஏறிக் காட்டும், மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்தால் இறங்கிக் காட்டும். இரண்டுமே தப்பான முடிவில் கொண்டுபோய் விடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பும்போது சாதாரணப் புட்டியோடு ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் கொஞ்சம் சேர்த்து அனுப்பினால் கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடும்.

இப்போது டியூபின் மறுமுனையில் இருக்கும் அந்த பாட்டில். விலாவுக்கு நடுவே போடும் இந்த வடிகுழாயை வார்டில் நாங்கள் ஐ.சி.டி. என்போம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் கோத்ஹார்ட் பியூலாவ் என்ற மருத்துவர் 1875இல் செய்து காட்டிய முறை இது. அதன் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. டியூபின் நுனி தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சீழும் வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. அந்த ஓர் அங்குலம்கூட இல்லாத தண்ணீர்தான் கதவு. பாட்டில் சாய்ந்தால் கதவு திறந்துவிடுகிறது.

பெரியப்பா மூச்சு இழுக்கும்போது டியூபுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டம் கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். இந்த ஆட்டம்தான் டியூப் திறந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஒவ்வொரு முறை பக்கத்தில் போகும்போதும் முதலில் அதைப் பாருங்கள். ஆடவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது, அது நல்ல செய்தி. அல்லது டியூப் அடைத்துக்கொண்டது, மடங்கிக் கிடக்கிறது, அவர் அதன் மேலேயே படுத்திருக்கிறார். எது என்று எக்ஸ்ரே சொல்லும், ஆனால் படுத்திருக்கிறாரா என்பதை நீங்கள் இப்போதே பார்த்துவிடலாம். நான் பார்த்த "அடைப்பு"களில் பல, போர்வைக்குள் மடங்கிக் கிடந்த டியூப்தான். இருமும்போது குமிழி வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம், அல்லது சீழ் நுரையீரலை அரித்து மூச்சுக்குழாய்க்கு வழி போட்டிருக்கலாம். இந்த இரண்டாவது நிலையில் நோயாளி திடீரென்று வாய் நிறைய நாற்றமான சளியாக இருமித் துப்புவார். அப்போது நோயுள்ள பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து உட்காரவைத்து, உடனே ஆள் கூப்பிட வேண்டும். நல்ல பக்கத்தைக் கீழே வைத்தால் சீழ் நல்ல நுரையீரலுக்குள் வழிந்துவிடும். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும் இது, வார்டில் உயிர் சம்பந்தப்பட்டது.

அளவு எடுப்பதில் நடக்கும் தப்பைச் சொல்கிறேன். பாட்டிலில் முதலிலேயே ஊற்றிய தண்ணீரைக் கழிக்காமல் எழுதிவிடுவார்கள். ஒரு ஷிப்ட் கழித்திருக்கும், அடுத்த ஷிப்ட் கழித்திருக்காது, சார்ட்டில் பெரியப்பாவுக்கு ஒரே ராத்திரியில் அரை லிட்டர் வந்தது போலத் தெரியும். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, தொடக்க மட்டத்தில் ஒரு கோடு, பிறகு ஒவ்வொரு ஷிப்டிலும் தேதியும் நேரமும் போட்டு ஒரு கோடு. அளவோடு நிறமும் எழுத வேண்டும். மஞ்சள், பச்சை, கூழ் போல, ரத்தம் கலந்து, நாற்றத்தோடு என்று கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள். சீழ் மெல்ல மெல்லத் தெளிவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே. எக்ஸ்ரேக்குப் போகும்போதுதான் இது தவறுகிறது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு, பாட்டிலைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். அப்படி ஒருமுறை வைத்ததைப் பார்த்து ஓடிப்போய் எடுத்திருக்கிறேன். வெளியே வந்த அழுக்குத் தண்ணீர் திரும்ப நெஞ்சுக்குள் போய்விடும். அதே பயத்தில் சிலர் டியூபுக்குக் கிளாம்ப் போட்டு அனுப்புவார்கள், அதுவும் கூடாது. குமிழி வரும் நோயாளிக்குக் கிளாம்ப் போட்டால் காற்று வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் ஏறி இருதயத்தையே தள்ளிவிடும். கிளாம்ப் போடும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. பாட்டில் மாற்றும் சில நொடிகள், டியூப் வழியாக மருந்து ஏற்றிய பிறகு, அப்புறம் முதல் நாளில் ஒன்றரை லிட்டர் வந்துவிட்டால். ரொம்ப நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள் நீர் சுரந்து மூச்சு முட்டும், அதனால்தான் அங்கே நிறுத்தி நிறுத்தி எடுக்கிறார்கள். வடியும் நேரத்தில் விடாத வறட்டு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டியூப் பாட்டிலிலிருந்து கழன்றால் நெஞ்சருகே விரலால் மடக்கிப் பிடித்து, நுனியைச் சுத்தமான தண்ணீர் அல்லது சலைன் பாட்டிலுக்குள் விட்டுவிட்டுக் கத்திக் கூப்பிடுங்கள். நெஞ்சிலிருந்தே டியூப் உருவிக்கொண்டு வந்துவிட்டால் அதைத் திரும்பத் திணிக்கவே கூடாது. துளையின் மேல் காஸை வைத்து மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், நான்காவது பக்கம் காற்று வெளியேற வழி. டியூப் போட்ட இடத்தைச் சுற்றித் தோல் உப்பி, விரலால் அழுத்தினால் நெறுநெறுவென்று இருந்தால் தோலுக்கடியில் காற்று பரவுகிறது என்று பொருள். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் சொல்லியே ஆக வேண்டும். டியூபை மாடு கறப்பது போல உருவிவிடும் பழக்கம் பழைய சிஸ்டர்களிடம் இருந்தது, எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே கடுமையான இழுப்பு உண்டாகி நுரையீரலைக் காயப்படுத்தும் என்பதால் இப்போது அதைச் செய்வதில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வருவது குறைந்து, காய்ச்சலும் குறைந்து, பசி எடுத்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் சீழ் தீர்ந்தது என்று பொருள். வருவது குறைந்து, காய்ச்சல் மட்டும் குறையாமல் இருந்தால் சீழ் இன்னும் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. டியூப் அடைத்திருக்கலாம், அல்லது கண்ணறைகள் உண்டாகி இன்னொரு அறையில் தேங்கியிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: டியூபில் தண்ணீர் மட்டம் ஆடுகிறதா? சலைன் விட்டுக் கழுவிப் பார்த்தீர்களா? அல்ட்ராசவுண்டிலோ சி.டி. ஸ்கேனிலோ தடுப்புகள் தெரிகிறதா? மெல்லிய டியூப் போட்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 20, 30 மில்லி சலைன் விட்டுக் கழுவுவது வழக்கம், இல்லாவிட்டால் கூழ் சீழில் அது சீக்கிரம் அடைத்துவிடும். தடித்த டியூப்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தடித்தது அதிகம் வலிக்கும் என்பது மட்டும் நிச்சயம். மெல்லியதை ஒழுங்காகக் கழுவிப் பராமரித்தால் அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

தடுப்புகள் இருந்தால் இரண்டு வழி. ஒன்று டியூப் வழியாகவே மருந்து விட்டு அவற்றைக் கரைப்பது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைக்கும் மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2005இல் காட்டியது. 2011இல் அதே வரிசையில் வந்த அடுத்த ஆய்வில் இரண்டு மருந்தைச் சேர்த்தார்கள். நூலைக் கரைக்கும் டி.பி.ஏ. 10 மில்லிகிராம், சீழின் பிசுபிசுப்பைக் குறைக்கும் டிஎன்ஏஸ் 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, மூன்று நாள். இரண்டும் சேர்ந்தபோது சீழ் நன்றாக வடிந்தது, ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டியவர்கள் குறைந்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. இந்த மருந்து விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது, சில இடங்களில் யூரோகைனேஸ் போன்ற வேறு மருந்து கொடுப்பார்கள். எதைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் டியூபை மூடிவைத்துத் திறப்பார்கள். அப்போது வலி கூடலாம், பாட்டிலில் வருவது திடீரென்று பெருகும், அது எதிர்பார்த்ததுதான். சிவப்பாக ரத்தமே வந்தால் அது வேறு, உடனே சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி ஆபரேஷன். விலாவில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகத் தடுப்புகளை உடைத்துச் சீழை எடுப்பார்கள். தடித்த தோல் வளர்ந்திருந்தால் நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரித்து நுரையீரலை விடுவிப்பார்கள். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஆபரேஷன் என்ற பேச்சு வந்தாலே கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. டிஸ்சார்ஜ் கேட்டு ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்து ஒரு பக்க நெஞ்சு ஒடுங்கி, தோள் சரிந்து, இன்னும் மோசமான நிலையில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் கேமரா வழியாக முடிந்திருக்க வேண்டியது, அப்போது பெரிய ஆபரேஷனாகிவிடுகிறது. ஆக, டியூபும் மருந்தும் ஐந்து முதல் ஏழு நாளில் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னால், நெஞ்சக அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். பெரியப்பா ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்றால் அதற்கும் மாற்று உண்டு. விலா எலும்பில் சிறு துண்டை எடுத்து வழி திறந்துவைத்து, மாதக்கணக்கில் பையில் வடியவிட்டு வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாடிக் பல வாரம் போகும். ஊசியில் தொடங்கி மாத்திரைக்கு மாறி, மொத்தம் மூன்று நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட. ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்துகள் அமிலச் சீழுக்குள் சரியாக வேலை செய்யாது. அதனால் ஊரில் அவை ஏற்கெனவே போட்டிருந்தும் பலன் இல்லாமல் போயிருக்கலாம்.

இதெல்லாம் டாக்டர் பக்கம். உங்கள் கையில் இருக்கும் பக்கம் இதற்குச் சற்றும் குறைந்ததில்லை. சீழ் வெளியே வந்தால் மட்டும் போதாது, அது இருந்த இடத்தை நுரையீரல் வந்து நிரப்ப வேண்டும். காலியிடம் இருந்தால் சீழ் மறுபடி சேரும். நிரப்புவது பெரியப்பாவின் மூச்சு. ஆனால் டியூப் விலா நரம்புக்குப் பக்கத்தில் உரசுவதால் அவர் மேலோட்டமாக மூச்சு விட்டு, தோளைக் குறுக்கி, அசையாமல் கிடப்பார். அதனால் வலிதான் முதல் எதிரி. வலி மருந்தைப் பொறுத்துப் பொறுத்துக் கேட்கக் கூடாது, நேரத்துக்கு வாங்கிக் கொடுங்கள். கொடுத்து அரை மணி நேரம் கழித்து மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து இருக்கும் கருவி கொடுத்திருப்பார்கள். "பந்து ஊதுங்க" என்று எல்லோரும் சொல்வதால் நோயாளிகள் நிஜமாகவே ஊதுகிறார்கள்! ஊதினால் பயன் இல்லை. வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும், பந்து மேலே ஏறி இரண்டு மூன்று நொடி நிற்க வேண்டும், அப்புறம் வாயை எடுத்து மூச்சை விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்துத் தடவை. ஒரு தலையணையை டியூப் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி பாதியாகும்.

படுத்தே இருக்க விடாதீர்கள். தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைக் கையில் தொங்கவிட்டு வராந்தாவில் நடக்கவைக்கலாம். சக்ஷன் மெஷினில் இணைத்திருந்தால் மட்டும் கேட்டுவிட்டு. டியூப் இருக்கும் பக்கத்துக் கையை மெல்லத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு குணமாகி வீட்டுக்குப் போன பிறகு சட்டை போடத் தோள் தூக்க முடியாமல் தவிப்பார்.

அப்புறம் சாப்பாடு. 1918இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் நிமோனியாவும் ஃப்ளூ காய்ச்சலும் பரவியபோது, நெஞ்சில் சீழ் வந்த சிப்பாய்களில் சராசரியாக 30 சதவீதம் பேர் இறந்தார்கள். நிமோனியா தணிவதற்கு முன்பே நெஞ்சை அகலமாகத் திறந்துவிட்டதுதான் முக்கியக் காரணம் என்று எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இருந்த குழு கண்டுபிடித்தது. காற்று புகாமல் மூடிய முறையில் வடிக்க வேண்டும், காலியிடத்தைச் சீக்கிரம் சுத்தமாக்கி நிரப்ப வேண்டும், நோயாளியின் ஊட்டத்தைக் கவனிக்க வேண்டும் என்று மூன்றே விதி சொன்னார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. நூறு வருடத்துக்கு முன்பே டியூபுக்குச் சமமாக அந்தக் குழு சாப்பாட்டை வைத்தது என்பதை மாணவிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இன்று இந்த நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்கும் ராபிட் மதிப்பெண்ணிலும் வயது, யூரியாவோடு, ஊட்டத்தின் அடையாளமாக ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதமும் ஓர் அம்சம்.

பாட்டிலில் தினமும் போவது புரதம். காய்ச்சல் இன்னும் எரிக்கிறது. நம் வீடுகளிலோ காய்ச்சல்காரருக்குக் கஞ்சியும் பிரெட்டும்தான். மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னால் தினம் இரண்டு மூன்று முட்டை, பாசிப்பருப்பு, சுண்டல், தயிர், சாப்பிடுபவராக இருந்தால் மீன். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 75 முதல் 90 கிராம் வரை தேவைப்படும். மூச்சு வாங்குபவரால் ஒரே மூச்சில் தட்டுச் சாப்பாடு சாப்பிட முடியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சர்க்கரை ஏறுமே என்று பயந்து பட்டினி போட வேண்டாம். சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினை டாக்டர் கூட்டிக்கொள்வார். சீழ் இருக்கும் வரை சர்க்கரை முரண்டு பிடிக்கும், வடிந்ததும் இன்சுலின் தேவை இறங்கும். அப்போது தாழ்சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலையும் இரவும் பல் தேய்க்கவையுங்கள், முடியாவிட்டால் காஸால் துடைத்துவிடுங்கள். நோய் அங்கிருந்து தொடங்கியிருந்தால் இதுவும் சிகிச்சை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீழ் நாற்றம் தன் மேல் வருகிறது என்று ஆண்கள் கூனிக் குறுகிப்போவார்கள். பேரப்பிள்ளைகளை வர வேண்டாம் என்பார்கள். முகத்தைச் சுளிக்காமல் டிரெஸ்ஸிங் மாற்றி, நனைந்த துணியை உடனே அகற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இந்தச் சீழ் அப்படியே அடுத்தவருக்குத் தொற்றாது. காசநோய் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் சோதனை முடிவு வரும் வரை மாஸ்க் வேண்டும், குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் இது வரும், அவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குத் தேறிவிடுவார்கள். நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக அரசுத் திட்டத்தில் சேர்ந்து, 2021இல் நாடு முழுக்க வந்துவிட்டது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். பெரியப்பா போன்ற சர்க்கரைக்காரர்களுக்குப் பெரியவர்களுக்கான ஊசியும் உண்டு, தேறிய பிறகு கேளுங்கள்.

நாளுக்கு 50 மில்லிக்கும் கீழே, தெளிந்து, காய்ச்சல் இல்லாமல், எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் டியூபை எடுப்பார்கள். எடுக்கும்போது மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொல்வார்கள், அந்த நொடியில் உருவித் தையலை இறுக்குவார்கள். முந்தைய நாளே நீங்கள் இரண்டு மூன்று முறை பழக்கிவிடுங்கள், பதற்றத்தில் மூச்சை உள்ளே இழுத்துவிட்டால் காற்று புகுந்துவிடும். எடுத்த பிறகு ஒரு எக்ஸ்ரே, அடுத்த சில மணி நேரம் மூச்சு விடும் வேகத்தையும் ஆக்சிஜன் அளவையும் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு நோட்டில் காலை மாலை டெம்பரேச்சர், வாரம் ஒருமுறை எடை எழுதிவையுங்கள். மறுபடி சாயங்காலக் காய்ச்சல், ஒரு பக்கம் குத்தும் வலி, தையல் இடத்தில் ஈரம், எடை இறங்குவது, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் சில மாதம் மங்கலாகவே தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பந்துக் கருவியை அலமாரியில் தூக்கி வைத்துவிடாமல், இன்னும் ஆறு வாரம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இன்று ரவுண்ட்ஸில் என்ன சொன்னார்கள், பாட்டிலில் மட்டம் ஆடுகிறதா என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.